அப்பா வந்தால் ஒரு மாதிரி, தாத்தா கூப்பிட்டால் ஒரு மாதிரி: மின்னி ஏன் தரையை நனைக்கிறாள்?

திண்டுக்கல் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆசிரியை நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் அவர், மாமனார், மாமியார், 10 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை இரவு வந்தால் திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று 50 நாள் குட்டியாக ஒரு பெண் லாப்ரடாரை வாங்கினார்கள், இப்போது அதற்கு 5 மாதம். மின்னி என்று வைத்துக்கொள்வோம். மற்ற நேரங்களில் கொல்லைப்பக்கம் போய் வர நன்றாகவே பழகிவிட்டாள். ஆனால் வெளியிலிருந்து யாராவது வந்தால் போதும், வாலை ஆட்டிக்கொண்டே, சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டுவிடுகிறாள். சனிக்கிழமை இரவு கேட் திறக்கிற சத்தத்துக்கே ஹால் முழுக்க நனைந்துவிடுகிறது.

ஒரு நாள் இது பூஜை அறை வாசலில் நடந்துவிட்டது. மாமனார் செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு அடி வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று குட்டியின் மூக்கையும் அந்த ஈரத்தில் தேய்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மின்னி காதை மடக்கி, பம்மி, மல்லாந்து படுத்து, படுத்த இடத்திலேயே விட்டுவிடுகிறாளாம். "வேணும்னே செய்யுது, கொழுப்பு" என்கிறார் மாமனார். "யாராவது தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடுங்க" என்கிறார் மாமியார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று ஒருவர், கருத்தடை ஆபரேஷன் செய்தால் நின்றுவிடும் என்று இன்னொருவர். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: போன வாரம் இரண்டு முறை அவள் தூங்கி எழுந்த சாக்கு ஈரமாக இருந்தது. இது நோயா, பிடிவாதமா, என்ன செய்வது என்று கேட்கிறார்.

சகோதரி, பிடிவாதம் இல்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவளை நடத்துகிறார்கள். வேண்டுமென்றே செய்வதற்கு அது முதலில் அவள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இந்த நேரத்தில் அது அவள் கட்டுப்பாட்டில் இல்லை. பல சமயம் தான் நனைத்ததே குட்டிக்குத் தெரிவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரே பிரச்சினை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் இரண்டு இருக்கின்றன. அந்தச் சாக்கையும் சேர்த்தால் மூன்றாக இருக்கலாம். தரையில் தெரிவது ஒரே ஈரம்தான், காரணம் வேறு, அதனால் செய்ய வேண்டியதும் வேறு.

சனிக்கிழமை இரவு நடப்பது

சிறுநீர்ப்பையின் வாயில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிறு மாதிரி அது இறுகியிருக்கும் வரை உள்ளே இருப்பது வெளியே வராது. 5 மாதக் குட்டிக்கு அந்தத் தசையின் பலமும் அதன் மேல் மூளைக்கு இருக்கிற பிடியும் இன்னும் முழுதாக வரவில்லை. சும்மா படுத்திருக்கும்போது பல மணி நேரம் தாங்குகிற குட்டிதான், ஆறு நாள் பார்க்காத மனிதர் கேட்டைத் திறந்ததும் உடம்பெல்லாம் குலுங்கக் குதிக்கும்போது பிடி விட்டுப்போய் நனைத்துவிடுகிறது. வால் உயர்ந்திருக்கிறது, உடம்பு தளர்ந்து ஆடுகிறது, ஓட்டம் நிற்கவில்லை, வழியெல்லாம் சொட்டு என்று நீங்கள் எழுதியது எல்லாம் இதற்கான அடையாளங்கள்தான். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயது நெருங்கும்போது இது தானாகவே நின்றுவிடும். அதுவரை நாம் செய்யக்கூடியது, அந்த உற்சாகத்தின் உச்சியைக் கொஞ்சம் கீழே இறக்குவது.

மாமனார் முன்னால் நடப்பது

இது சந்தோஷம் இல்லை. பிறந்து முதல் இரண்டு மூன்று வாரம் நாய்க்குட்டிகளால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது, தாய் மல்லாத்திப் போட்டு நக்கினால்தான் வரும். பெரியவர் முன்னால் மல்லாந்து, வயிற்றைக் காட்டி, கொஞ்சம் விடுவது என்கிற பழக்கம் அங்கிருந்து வருகிறது. நாய்களின் மொழியில் அதற்கு "நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்துவிடாதே" என்று பொருள். ஒரு பெரிய நாய் முன்னால் ஒரு குட்டி இப்படிச் செய்தால் அந்த நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நாம் அந்த இடத்தில்தான் குரலை உயர்த்துகிறோம். மன்னிப்புக் கேட்டும் அடி விழுகிறதே என்று குட்டி அடுத்த முறை இன்னும் சீக்கிரம், இன்னும் தாழ்ந்து மன்னிப்புக் கேட்கிறது, அதாவது இன்னும் அதிகமாக நனைக்கிறது. அடி ஒவ்வொன்றும் இதை வளர்க்கத்தான் செய்யும்.

கால்நடை மருத்துவராக நான் தினமும் பார்க்கிற காட்சி இது. குட்டியை மேசையில் ஏற்றி, நான் மேலிருந்து குனிந்து, காதைப் பார்க்கக் கையை நீட்டினால் பத்துக் குட்டிகளில் இரண்டு மூன்று அங்கேயே விட்டுவிடும். அதே குட்டியை, நான் தரையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அதுவாக வந்து மோந்து பார்க்கும் வரை பேசாமல் இருந்துவிட்டுப் பரிசோதித்தால் பெரும்பாலும் ஒரு சொட்டுகூட வராது. நமது உயரம், குனிவது, தலைமேல் வருகிற கை, கண்ணுக்குள் பார்ப்பது, தடித்த குரல் இவையெல்லாம் அதற்கு மிரட்டல். நமக்கு அது வெறும் கொஞ்சலாக இருக்கலாம்.

மூக்கைத் தேய்ப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். குட்டி அதிலிருந்து கற்றுக்கொள்வது "இந்த மனிதர் கை ஆபத்து" என்பதை மட்டும்தான். இப்படி வளர்ந்த சில நாய்கள், பின்னால் கை நீட்டினாலே கடிக்க வருவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த ஆபத்தை நாமே உண்டாக்க வேண்டாம்.

அந்த ஈரமான சாக்கு

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. யாரும் வராத நேரத்தில், தூக்கத்தில் நனைவது உற்சாகத்தாலும் இல்லை, பயத்தாலும் இல்லை. அதை ஒரு மருத்துவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒன்றுமே இல்லாமலும் போகலாம், கொல்லைக்குப் போகாமல் அசந்து தூங்கியதாகக்கூட இருக்கலாம், ஆனால் இரண்டு முறை என்பதால் சும்மா விட எனக்கு மனமில்லை.

பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். அடிக்கடி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, முக்குவது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, வாடை கூடுவது, சிவப்பாகத் தெரிவது இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போங்கள். முதல் பருவத்துக்கு வராத குட்டிகளுக்கு அந்த இடத்தில் லேசான அழற்சியும் கொஞ்சம் கசிவும் இருப்பதுண்டு, பெரும்பாலும் முதல் பருவத்தோடு சரியாகிவிடும். அரிதாக, பிறவியிலேயே சிறுநீரகத்திலிருந்து வருகிற சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் அதைத் தாண்டிக் கீழே போய்த் திறந்திருக்கும். லாப்ரடார் இனத்திலும் இதைப் பார்க்கிறோம், பெண் குட்டிகளில்தான் அதிகம். அப்படி இருந்தால் நாள் முழுக்க, முக்கியமாகப் படுத்திருக்கும்போது கசிந்துகொண்டே இருக்கும், பின்பக்க முடி எப்போதும் ஈரமாக இருக்கும். மின்னி வாரத்தில் இரண்டு முறைதான் நனைத்திருக்கிறாள் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. அப்படியே இருந்தாலும் அறுவை சிகிச்சை உண்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியோ சென்னை வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியோ போய்ப் பார்க்கலாம். முதலில் உங்கள் ஊரில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும்.

மாதிரி எடுப்பது கஷ்டம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மெடிக்கலில் சிறுநீர்ப் பரிசோதனை டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான கைப்பிடி உள்ள ஒரு கரண்டியை நன்றாகக் கழுவி, கொதிநீர் ஊற்றிக் காயவைத்து, காலையில் முதல் முறை அவள் கொல்லையில் உட்காரும்போது பின்பக்கமாக, சத்தம் காட்டாமல் நீட்டுங்கள். முதல் சில சொட்டை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், தாமதமானால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்தக் கரண்டியை அப்புறம் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கூடவே இரண்டு நாள் அவள் குடிக்கிற தண்ணீரை அளந்து பாருங்கள். 15 கிலோ இருக்கிற குட்டி நாளைக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிப்பது சாதாரணம், வெயில் நாளில் கொஞ்சம் கூடும். ஒன்றரை லிட்டரைத் தாண்டித் தினமும் குடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்காகத் தண்ணீரைக் குறைக்க மட்டும் வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல வேர்த்துக் கொட்டாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் தொற்றும் வர வழி. ராத்திரி படுப்பதற்கு முன் கொல்லைக்கு ஒரு முறை கூட்டிப்போய் வருவதே போதும்.

இனி வீட்டில்

சனிக்கிழமையிலிருந்து ஆரம்பிப்போம். உங்கள் கணவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு போன் செய்யட்டும். உடனே மின்னியைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் முழுதாகப் போகவிட்டு, செயின் போட்டு, ஹாலில் இல்லாமல் முன் வாசலிலோ மண் தரையிலோ வைத்திருங்கள். நனைத்தாலும் யாருக்கும் கவலையில்லாத இடத்தில் சந்திப்பு நடப்பதே பாதி வெற்றி, ஏனென்றால் வீட்டில் யார் முகமும் மாறாது. அவர் வந்ததும் அவளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. வெளியிலிருந்து வந்தால் கை கால் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே முறைதான். போய்க் கை கால் கழுவி, உடை மாற்றி, ஒரு காபி குடிக்கட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் அவளுடைய முதல் அலை அடங்கிவிடும். நான்கு காலும் தரையில் நின்றபின், அவர் பக்கவாட்டில் திரும்பித் தாழ உட்கார்ந்து, அவளாக வரும்போது தாடைக்குக் கீழேயும் நெஞ்சிலும் மெதுவாகச் சொறிந்து கொடுக்கட்டும். குரல் தணிந்திருக்கட்டும். மறுபடி குதித்தால் எழுந்து நகர்ந்துவிட்டு, அடங்கியதும் திரும்பத் தொடங்கலாம். வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பிரிந்திருப்பவருக்கு, ஆசையாக ஓடி வருகிற ஒன்றைப் பார்க்காத மாதிரி போவது கஷ்டம்தான். நானும் அதை உணர்கிறேன். சில வாரங்களுக்கு மட்டும் இந்தக் கஷ்டத்தைப் பொறுக்கச் சொல்லுங்கள்.

வாரநாட்களில் கேட் சத்தத்தையே சாதாரணமாக்குங்கள். பிள்ளைகளில் ஒருவர் கேட்டைத் திறந்து மூடட்டும், யாரும் வரவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்குப் பத்து முறை, நேரம் காலம் இல்லாமல். நீங்களும் இரண்டு நிமிஷம் வெளியே போய்விட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கேட் திறந்தால் திருவிழா என்கிற எண்ணம் மெல்லக் கலையும். கூடவே "சிட்" சொல்லிக் கொடுங்கள், லாப்ரடார் இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த குட்டிக்கு என்ன செய்வது என்று தெரிந்திருப்பதால் பதற்றம் குறையும். விருந்தினர் வந்தால் தரையில் நாலைந்து தின்பண்டத் துண்டைச் சிதறிவிடுங்கள், மூக்கு வேலையில் இறங்கினால் உடம்பு தானாக நிதானப்படும்.

நனைத்துவிட்டால்? ஒன்றும் சொல்லாதீர்கள். "ஐயோ" கூட வேண்டாம், "பரவாயில்லடா செல்லம்" என்று பதறியபடி கொஞ்சுவதும் வேண்டாம். அவளை வெளியே கூட்டிப்போய்விட்டு, அவள் பார்க்காதபோது துடையுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், 6 வயதுக்காரர் சிரித்தபடி கத்துவதுகூட அவளை மறுபடி தூண்டிவிடும்.

அப்புறம் மாமனார். அடித்தவர் கையால்தான் இது தீர வேண்டும், வேறு வழி இல்லை. மற்றவர்கள் எவ்வளவு கொஞ்சினாலும் அவர் மேல் இருக்கிற பயம் போகாது. நீங்கள் போய் "உங்களால்தான் இப்படி ஆயிற்று" என்று சொல்ல முடியாது, அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. "இதற்கு மருந்தே தாத்தா கையால் சாப்பாடு கொடுப்பதுதான் என்று டாக்டர் சொல்கிறார், அந்தப் பொறுப்பை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அது உண்மையும்கூட. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும், கூப்பிட வேண்டாம், பார்க்க வேண்டாம். கையில் சுருட்டிய பேப்பர் இருக்கவே கூடாது. அவள் அந்தப் பக்கம் போகும்போது ஒரு துண்டைத் தன் பக்கத்தில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். வீட்டில் கோழி, முட்டை சமைப்பதில்லை என்றால் இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், பனீர் போதும். முதல் சில நாள் எட்ட நின்றே எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஓடட்டும். அவளாக வந்து அவர் காலில் தாடையை வைக்கிற நாள் வரும், அப்போதும் தலைக்கு மேலே கை போகாமல் நெஞ்சில் தொடட்டும். ஓரிரு மாதம் ஆகலாம், அவசரப்படுத்த வேண்டாம்.

கருத்தடை ஆபரேஷன்

இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆண் நாய் இடம் குறிக்கக் காலைத் தூக்கிப் போவது சில சமயம் அந்த ஆபரேஷனால் குறையும், அதைக் கேட்டு யாரோ உங்களிடம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பெண் நாய்களில், அதுவும் பெரிய இனங்களில், கருப்பையும் சினைப்பையும் எடுத்தபின் பின்னாளில் தூக்கத்தில் கசிவு வருவதுண்டு. அதனால் ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கருப்பையில் சீழ் பிடிப்பதைத் தடுக்க அது நல்லதுதான். ஆனால் அந்த ஈரச் சாக்குக்குக் காரணம் தெரியாமல் செய்ய வேண்டாம். எப்போது செய்வது என்பதைப் பரிசோதனைக்குப் பிறகு உங்கள் மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்.

துடைப்பதும் பிள்ளைகளும்

பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது, வாடை முழுதாகப் போக அது நல்லது. டைல்ஸ் தரைக்கு வினிகர் கலந்த தண்ணீர் பரவாயில்லை, மொசைக், மார்பிள் என்றால் வேண்டாம், அரித்துவிடும். பினாயில் குட்டியின் பாதத்தையும் நாக்கையும் எரிக்கும். ஈரத்தின் மேல் ப்ளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், சிறுநீரில் இருக்கிற அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கிற வாயு வரும்.

பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா என்று கேட்டிருந்தீர்கள். எலிக்காய்ச்சல் என்கிற லெப்டோஸ்பைரா கிருமி நாயின் சிறுநீர் வழியாகப் பரவும். அதற்குத் தடுப்பூசி உண்டு, கூட்டுத் தடுப்பூசி பலவற்றில் அதுவும் சேர்ந்திருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இருக்காது. முதல் முறை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை போட வேண்டும். மின்னியின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய் இதைக் கேளுங்கள், வெறிநோய் ஊசி போட்டாயிற்றா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துடைப்பதைப் பெரியவர்களே செய்யுங்கள், கையில் காயம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தோட்டத்தில் விட்டுவிடலாமா

மாமியாரின் கோபம் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். பூஜை அறை வாசலைத் தினமும் கழுவுகிறவர் அவர். அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னத் தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள், பாதிச் சண்டை அன்றைக்கே குறையும். ஆனால் தோட்டத்தில் கட்டிப்போட்டால் நாளைக்கு ஒரு முறை சோறு வைக்க வருகிற ஆளைப் பார்த்து அவள் இதைவிட அதிகமாகத் துள்ளி, இதைவிட அதிகமாக நனைப்பாள். அவிழ்த்து விட்டுவிட்டு வந்தால் அவளால் பிழைக்க முடியாது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றமும்கூட. உண்மையிலேயே முடியாது என்கிற நிலை வந்தால், இந்தப் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, தெரிந்த ஒரு நல்ல வீட்டில் கொடுங்கள். அந்த நிலை உங்களுக்கு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 5 மாதம் என்பது மிகச் சின்ன வயது.

ஒரு நோட்டில் தேதி, யார் வந்தார்கள், எங்கே, எவ்வளவு, வால் மேலேயா கீழேயா என்று குறித்து வாருங்கள், ஆசிரியை என்பதால் உங்களுக்கு இது பழகிய வேலைதான். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் சொட்டின் எண்ணிக்கை குறைவது தெரியும், இல்லையென்றால் எந்த இடத்தில் பிசகுகிறது என்பது தெரியும். இந்த வாரத்துக்குள் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், முடிவு வந்ததும் அதை எனக்கு எழுதுங்கள். சாக்கு மறுபடி நனைந்ததா என்பதையும்.